தண்ணீர்மலையும் வேர்களும்



பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுன் நகரில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலை என்று ஒரு சாலை உண்டு. நம்மில் பலர் அதில் நடந்திருப்போம். 1786ஆம் ஆண்டில் பிரான்சிஸ் லைட் தீவில் வந்து இறங்கிக் காடு வெட்டி அமைத்த நகரத்தின் முதற் சாலைகளுள் இதுவும் ஒன்று. அந்நாளில் இங்கிலாந்தின் பிரதமராக இருந்த பிட் என்பவரின் பெயரை இதற்குச் சூட்டினார்கள். பிட் வீதி என்ற அந்தப் பெயர்தான் நெடுங்காலம் வழங்கி வந்தது. தமிழ் முஸ்லிம்களின் தலைவராகக் கப்பித்தான் பட்டம் பெற்றிருந்த காதர் மொய்தீன் 1801ஆம் ஆண்டில் இங்கே பள்ளிவாசலுக்கு அடியிட்டார். இன்று சாலையே அப்பள்ளிவாசலின் பெயரைத் தாங்கி நிற்கிறது. வடகோடியில் கிறித்துவத் தேவாலயம், நடுவில் சீனர்களின் குவான் யின் ஆலயம், பக்கத்து வீதியில் மகாமாரியம்மன் கோயில், தென்புறத்தில் பள்ளிவாசல். நான்கு சமயத்தாரும் கூப்பிடு தூரத்தில் வழிபடும் இந்த இடத்தைப் பற்றிச் சொல்லாத வரலாற்று நூல் இல்லை.

ஆனால் வரலாற்று நூல்கள் அதிகம் கேட்காத ஒரு கேள்வியை இன்று கேட்டுப் பார்ப்போம். இந்தச் சாலையில் வாழ்ந்த மக்கள் எந்தத் தண்ணீரைக் குடித்தார்கள்?

சாதாரணக் கேள்விதானே என்று நினைக்க வேண்டாம். பள்ளிவாசலில் ஐவேளைத் தொழுகைக்கு முன் கைகால் கழுவி உளூச் செய்ய நீர் வேண்டும். கோயிலில் அபிடேகத்திற்கு நீர் வேண்டும். வணிகர் வீட்டு அடுப்படிக்கு வேண்டும். மாட்டுக்கும் குதிரைக்கும் வேண்டும். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களின் பீப்பாய்களில் நிரப்பவும் வேண்டும். நல்ல தண்ணீர் கிடைக்காத துறைமுகத்திற்குக் கப்பல் எப்படி வரும்? கப்பல் வராத ஊரில் வணிகம் எப்படி நடக்கும்? கடலோரத்து மணல் நிலத்தில் தோண்டிய கிணறுகள் ஓரளவுக்கே உதவின. ஆகவே நகரத்தார் மேற்கே நிமிர்ந்து பார்த்தார்கள். அங்கே சில மைல் தொலைவில், காடு போர்த்த மலையிலிருந்து ஓர் அருவி விழுந்துகொண்டிருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அந்த அருவியின் நீரைச் செங்கல் வாய்க்கால் கட்டி நகரத்திற்குக் கொண்டுவந்தார்கள்.

அந்த அருவி விழும் இடத்தைத் தமிழர்கள் எப்படி அழைத்தார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். தைப்பூசத்திற்கு வெள்ளி இரதம் போய்ச் சேரும் இடம் அதுதான். 1894ஆம் ஆண்டில் நாட்டுக்கோட்டை நகரத்தார் தருவித்த அந்த இரதம், நாம் பேசும் சாலைக்கு இணையாகச் செல்லும் பினாங்கு வீதியிலிருந்து புறப்பட்டு, மலையடிவாரத்துக்குச் செல்கிறது. அந்த இடத்திற்குத் தமிழர் இட்ட பெயர் தண்ணீர்மலை. ஆங்கிலேயர் அதை நீர்வீழ்ச்சி என்றார்கள். விழும் நீர் அவர்கள் கண்ணில் பட்டது. நம்மவர்களோ மலையையே தண்ணீராகக் கண்டார்கள். மழை ஓய்ந்து வெயில் காயும் நாளிலும் மலை தண்ணீர் தருகிறதே, அது எங்கிருந்து வருகிறது? இந்தக் கேள்விக்கு விடை தேடினால் நாம் மரத்தின் வேருக்குப் போய்ச் சேருகிறோம்.

தீவில் குடியேறியவர்கள் மலையை அப்படியே விட்டுவைக்கவில்லை. 1790ஆம் ஆண்டில் சீனர் தலைவராகிய கோ லே ஹுவான் ஆச்சேயிலிருந்து மிளகுக் கொடியைக் கொண்டுவந்தார். பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியார் மொலுக்கஸ் தீவுகளிலிருந்து சாதிக்காய், கிராம்புக் கன்றுகளைத் தருவித்தார்கள். சாதிக்காய்க்கு நல்ல விலை கிடைத்தது. தோட்டங்கள் சமவெளியை நிரப்பிவிட்டு மலைச் சரிவில் ஏறின. காடு வெட்டப்பட்டது; வெட்டியது எரிக்கப்பட்டது. அந்தத் தோட்டங்களில் மண் கொத்தியவர்களுள் தமிழகத்திலிருந்து வந்த கூலிகளும் இருந்தார்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

இந்தக் காடழிப்பைப் பார்த்துக் கவலைப்பட்ட ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்சன் லோகன். 1819இல் ஸ்காட்லாந்தில் பிறந்தவர். பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வழக்கறிஞராகத் தொழில் செய்தவர். 1869இல் பினாங்கிலேயே காலமானார். கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையின் வடகோடிக்கு அருகே, லைட் வீதியில், உயர்நீதிமன்ற வளாகத்தில் நிற்கும் வெண்ணிற நினைவுச் சின்னம் அவருக்கு எழுப்பப்பட்டதே. அதைப் பார்ப்பவர்கள் அவரை வழக்கறிஞர் என்றே அறிகிறார்கள். ஆனால் 1847இல் அவர் இந்தியத் தீவுக்கூட்டத்தையும் கிழக்காசியாவையும் பற்றி ஓர் ஆராய்ச்சி இதழைத் தொடங்கினார். அவ்விதழில் 1848ஆம் ஆண்டில் ஒரு கட்டுரை எழுதினார். பினாங்கு மலைக்காடுகளைத் தொடர்ந்து அழித்துவந்தால் தீவின் தட்பவெப்ப நிலை என்ன ஆகும் என்பதே அதன் பொருள்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான்: மலைக்காடு ஈரத்தைப் பிடித்து வைக்கிறது, அதை அழித்தால் ஓடைகள் வற்றும், வறட்சி வரும். தட்பவெப்ப நிலை ஊரார் அனைவருக்கும் பொதுவானது. தனி ஒருவரின் ஆதாயத்திற்காக அதைக் கெடுக்க விடாமல் காப்பது அரசாங்கத்தின் கடமை. இன்றைக்கு 170 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்ட எழுத்து இது! இதே எண்ணம் அப்போது வேறு இடங்களிலும் வளர்ந்துகொண்டிருந்தது. நம் முன்னோர் பலர் புறப்பட்டு வந்த சென்னை மாகாணத்தில், 1856ஆம் ஆண்டில் கிளெக்கார்ன் என்ற மருத்துவர் முதல் காட்டுப் பாதுகாவலராக நியமிக்கப்பட்டார்.

மரத்திற்கும் மழைக்கும் ஓடைக்கும் தொடர்பு இருக்கிறது என்ற துணிவு இவர்களுக்கு எப்படி வந்தது? அதை அறிய இன்னும் இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும்.

1648ஆம் ஆண்டில் வான் ஹெல்மாண்ட் என்ற பெல்ஜிய மருத்துவரின் நூல், அவர் இறந்த பின், வெளியாயிற்று. அதில் ஒரு சோதனை விவரிக்கப்பட்டிருந்தது. அவர் 200 பவுண்டு உலர்ந்த மண்ணைத் தொட்டியில் இட்டு, 5 பவுண்டு எடையுள்ள வில்லோ மரக் கன்றை நட்டார். ஐந்து ஆண்டுகள் மழைநீரைத் தவிர வேறெதுவும் ஊற்றவில்லை. பிறகு மரத்தைப் பிடுங்கி எடை போட்டார். 169 பவுண்டுக்குச் சற்றுக் கூடுதலாக இருந்தது! மண்ணைக் காயவைத்து நிறுத்தபோது குறைந்திருந்தது சுமார் 2 அவுன்சுதான். ஆகவே மரம் முழுவதும் தண்ணீரால் ஆனது என்று அவர் முடிவு கட்டினார். அது முழு உண்மையன்று. மரத்தின் உடலைக் கட்டும் கரி, காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து இலை வழியாக வருகிறது என்பது பின்னரே தெரிந்தது. எனினும் மரம் மண்ணைத் தின்று வளரவில்லை, நீரைக் குடித்து வளர்கிறது என்பதைத் தராசு வைத்துக் காட்டியவர் அவர்.

அடுத்து வந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார். மரம் குடித்த நீர் எங்கே போகிறது என்பதே அவர் கேள்வி. 1724ஆம் ஆண்டு கோடையில் மூன்றரை அடி உயரமுள்ள ஒரு சூரியகாந்திச் செடியைத் தொட்டியில் வைத்தார். மண்ணிலிருந்து நேராக நீர் ஆவியாகாதபடி தொட்டியின் வாயை ஈயத் தகட்டால் மூடினார். காலையும் மாலையும் தொட்டியைத் தூக்கித் தராசில் வைத்தார். ஒரு பகற்பொழுதில் அந்தச் செடி சராசரி 20 அவுன்சு, அதாவது அரை லிட்டருக்கும் மேலான நீரை இலை வழியாகக் காற்றில் விட்டிருந்தது. உடலின் அளவுக்கு அளவு ஒப்பிட்டால் மனிதன் வியர்ப்பதைப் போல் 17 மடங்கு என்று அவர் கணக்கிட்டார். 1727இல் இதை நூலாக வெளியிட்டார்.

இந்த நூல் ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடவில்லை. ஒரு செடி இவ்வளவு நீரைக் காற்றில் விடுமானால், ஒரு மலை நிறைய மரங்கள் எவ்வளவு விடும்? அந்த ஈரம்தானே மேகமாகிறது? இப்படி எண்ணியவர்களின் முயற்சியால், 1776ஆம் ஆண்டில் மேற்கிந்தியத் தீவுகளில் ஒன்றான டொபேகோவில், மழை தவறாமல் பெய்வதற்கென்று மலைமுகட்டுக் காடு சட்டப்படி ஒதுக்கப்பட்டது. அந்தக் காடு இன்றும் காக்கப்பட்டு வருகிறது. ஒரு தொட்டிச் சூரியகாந்தியிலிருந்து ஒரு மலைக்காட்டின் சட்டம் பிறந்தது என்றால் மிகையாகாது. லோகன் 1848இல் பினாங்கைப் பற்றி எழுதியபோது, இந்தச் சிந்தனை மரபுதான் அவருக்குப் பின்னால் நின்றது.

சரி, வேர் எப்படித்தான் நீரைக் குடிக்கிறது? நாம் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதைப் போல எளிதாகவே பார்ப்போம்.

ஒரு செடியைப் பிடுங்கினால் கண்ணுக்குத் தெரியும் தடித்த வேர்கள் பெரும்பாலும் நீரை உறிஞ்சுவதில்லை. அவை செடியைத் தாங்கி நிற்பவை. நீரை மேலே கடத்துபவை. குடிக்கும் வேலையைச் செய்வது இளம் வேரின் நுனிக்குச் சற்றுப் பின்னால் மயிர்போல முளைத்திருக்கும் வேர்த்தூவிகள். ஒவ்வொரு தூவியும் வேரின் மேல்தோலிலுள்ள ஒற்றை உயிரணுவின் நீட்சியே. அவை எத்தனை இருக்கும்? 1937ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டிட்மர் என்பவர், நான்கு மாதம் வளர்ந்த ஒரேயொரு கம்புப்புல் செடியின் வேர்களை அளந்தார். அது ரை என்னும் தானியச் செடி. வேர்களின் மொத்த நீளம் ஏறத்தாழ 623 கிலோமீட்டர். பட்டர்வொர்த்திலிருந்து ஜொகூர் பாரு போகும் நெடுஞ்சாலையைவிட அது சற்றுத்தான் குறைவு! வேர்த்தூவிகளோ 1,400 கோடி. இத்தனையும் ஒரு சிறு பெட்டி மண்ணுக்குள் அடங்கியிருந்தன.

தூவியின் உள்ளே உப்பும் சர்க்கரையும் கரைந்த சாறு இருக்கிறது. வெளியே மண் துகள்களுக்கு இடையே இருப்பது அதைவிட நீர்த்த கரைசல். இரண்டுக்கும் நடுவே மெல்லிய சவ்வு. நீர்த்த பக்கத்திலிருந்து அடர்ந்த பக்கத்திற்கு நீர் சவ்வின் வழியே நுழையும். உலர்ந்த திராட்சையை நீரில் போட்டால் உப்புவதும், உப்பில் போட்ட மாங்காய் நீர்விட்டுச் சுருங்குவதும் இதனால்தான். இதையே சவ்வூடு பரவல் என்கிறோம். உரத்தை அளவுக்கு மேல் கொட்டினால் செடி வாடிக் கருகுவது ஏன் என்பதும் இப்போது விளங்கும். வெளிக் கரைசல் அடர்ந்துவிட்டால் நீர் உள்ளே வருவதற்குப் பதிலாக வெளியே போகத் தொடங்குகிறது.

தூவியில் புகுந்த நீர் ஒவ்வோர் உயிரணுவாகக் கடந்து வேரின் நடுவே செல்கிறது. அங்கே சுங்கச் சாவடிபோல் ஓர் உயிரணு வளையம் உண்டு. அதன் சுவர்களின் இடுக்குகளில் நீர் புகாத மெழுகுப் பட்டை பூசப்பட்டிருப்பதால், வந்த நீர் உயிரணுவுக்குள் நுழைந்துதான் தாண்ட வேண்டும். எந்த உப்பு போகலாம், எது கூடாது என்ற சோதனை அங்கே நடக்கிறது. அதைத் தாண்டினால் நீர்க்குழல்கள். வேரிலிருந்து தண்டு வழியாக இலை நரம்பு வரை தொடர்ந்து செல்லும் இக்குழல்கள், உயிர் நீங்கிய உயிரணுக்களால் ஆனவை.

ஆனால் பினாங்கு மலைக்காட்டில் 40 மீட்டர் உயரத்திற்கும் மரங்கள் நிற்கின்றனவே! அவ்வளவு உயரத்திற்கு நீரை ஏற்றுவது யார்? அங்கே எந்த எந்திரமும் இல்லை. இக்கேள்வி அறிஞர்களை நெடுங்காலம் அலைக்கழித்தது. 1890களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ஸ்ட்ராஸ்பர்கர், அறுத்த மரத்தின் அடியை நச்சுக் கரைசலில் நிறுத்தி, தண்டிலுள்ள உயிரணுக்கள் மடிந்த பின்னும் நீர் மேலே ஏறுவதைக் காட்டினார். 1894இல் அயர்லாந்தில் டிக்சன், ஜோலி என்ற இருவர் விடை கூறினார்கள். இலைத்துளை வழியாக நீர் ஆவியாகும்போது, அது தனக்குப் பின்னால் உள்ள நீரை இழுக்கிறது. நீரின் துகள்கள் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொள்பவை. ஆகவே இலையிலிருந்து வேர் வரை நீர் ஒரே கயிறாக இருக்கிறது. மேலே இழுத்தால் கீழே ஏறுகிறது. கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் 1923இல் வெளியிட்ட நூலில், தண்டிலுள்ள உயிரணுக்களின் துடிப்பே நீரை ஏற்றுகிறது என்று வாதிட்டார். பின்வந்த சோதனைகள் டிக்சன், ஜோலி பக்கமே நின்றன. செடிக்கும் உணர்வுண்டு என்பதை உலகம் சிந்திக்க வைத்த போசின் பெருமை அதனால் குறைந்துவிடவில்லை.

இப்படி ஏறும் நீரில் நூற்றில் 95 பங்குக்கு மேல் காற்றிலேயே போய்விடுகிறது. அது வீண் என்று நினைக்க வேண்டாம். மண்ணின் உப்புகளைச் சுமந்து வருவது அந்த நீர்தான். வெயிலில் இலை தீய்ந்துவிடாமல் குளிரவைப்பதும் அதுதான். மீதமுள்ள சிறு பங்கு உணவு சமைக்கவும் உடலை விறைப்பாக நிறுத்தவும் செலவாகிறது.

இதெல்லாம் ஏட்டுக் கல்வி என்று தோட்டத்து மக்கள் ஒதுக்கிவிட முடியாது. நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியும் இருட்டிலேயே எழுந்து, பிரட்டுக்கு நின்று, பொழுது விடியுமுன் ரப்பர் மரம் சீவப் போனது எதனால்? கங்காணியும் துரையும் சொன்னதால் மட்டும்தானா? இல்லை, மரத்தின் வேரும் அதைத்தான் சொன்னது. இரவில் இலைத்துளைகள் மூடிக் கிடக்கின்றன, நீர் செலவாவதில்லை. வேரோ குடித்துக்கொண்டே இருக்கிறது. ஆகவே விடியலில் மரம் நீரால் நிறைந்து நிற்கிறது. பட்டையிலுள்ள பால் குழாய்களும் விம்மி நிற்கின்றன. 1964இல் மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பட்டரி, போட்மன் என்ற இருவர் இந்த அழுத்தத்தை அளந்து வெளியிட்டார்கள். விடியற்காலையில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 10 முதல் 15 மடங்கு வரை இருந்தது. மோட்டார் வண்டிச் சக்கரத்தில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் ஏறத்தாழ 2 மடங்குதான் என்பதை எண்ணிப் பாருங்கள். வெயில் ஏற ஏற இலைகள் நீரை இழுப்பதால் அழுத்தம் இறங்குகிறது, பாலும் சுருங்கிவிடுகிறது. மங்கில் வடியும் பாலில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். அது முழுவதும் வேர் தந்த தண்ணீர். அறிஞர் அளந்து சொல்வதற்கு முன்பே இதை நம் மக்களின் கத்தி அறிந்திருந்தது.

இப்போது மீண்டும் லோகனிடம் வருவோம். அவர் சொன்னது சரிதானா? நேர்மையாகச் சீர்தூக்கிப் பார்க்க வேண்டும்.

காட்டை வெட்டினால் ஓடையில் நீர் உடனே குறைந்துவிடும் என்பது அப்படியே உண்மையன்று. மரம் நீரைச் செலவழிக்கும் உயிர் என்பதைத்தான் இவ்வளவு நேரமும் பார்த்தோம். குடிப்பவரை அகற்றிவிட்டால் குடத்தில் நீர் கூடத்தானே செய்யும்? பகாங் மாநிலத்தில் தெக்காம் ஆற்றுப் பகுதியில், 1970களிலும் 1980களிலும் அளந்து பார்த்தார்கள். காட்டை அழித்துக் கொக்கோவும் செம்பனையும் நட்டபோது, ஆண்டு முழுவதும் ஓடிய நீரின் மொத்த அளவு கூடியது. ஆனால் அந்த நீரோடு மண்ணும் கூடி வந்தது.

இங்கேதான் நாம் கவனிக்க வேண்டும். எவ்வளவு நீர் என்பது ஒரு கேள்வி. எப்போது வரும் நீர் என்பது வேறு கேள்வி. காட்டு மண் பஞ்சு போன்றது. வேர்கள் ஊடுருவியும் பழைய வேர்கள் மட்கியும் மண்ணில் எண்ணற்ற துளைகள் உண்டாகின்றன. மேலே இலைச்சருகு மெத்தையாகக் கிடந்து மழைத்துளியின் அடியைத் தாங்குகிறது. பெய்த மழை துளைகளில் இறங்கி, மண்ணுக்குள் மெல்ல நகர்ந்து, நாட்கள் கழித்து ஓடைக்கு வருகிறது. மழை ஓய்ந்த பின்னும் தண்ணீர்மலை தண்ணீர் தருவதன் இரகசியம் இதுவே. மரத்தை வெட்டி, மண்ணை மிதித்து இறுக்கி, சாலையும் கட்டடமும் போட்டுவிட்டால், மழை உள்ளே இறங்காமல் மேலோடு ஓடுகிறது. மழை நாளில் வெள்ளம். வெயில் நாளில் வறண்ட ஓடை. ஆகவே வறட்சிக் காலத்தில் ஓடை வற்றும் என்று லோகன் அஞ்சியதில் நியாயம் இருந்தது.

மழை குறையும் என்ற அச்சம்? கடல் சூழ்ந்த சிறு தீவில் பெய்யும் மழையின் பெரும்பங்கு கடலிலிருந்து வருவது. அங்கே லோகன் கூடுதலாகவே அஞ்சிவிட்டார் எனலாம். ஆனால் பெரும் காடுகளில் அவருடைய எண்ணமே பலித்தது. பிரேசில் நாட்டில் சலாத்தி என்ற அறிஞர் 1970களில் மழைநீரை ஆராய்ந்து, அமேசான் காட்டில் பெய்யும் மழையில் ஏறத்தாழ பாதி, மரங்களும் மண்ணும் திருப்பிவிட்ட நீரே என்று காட்டினார்.

லோகன் அதிகம் பேசாத இன்னொன்றும் உண்டு. அது சரிவைக் காக்கும் வேர். வேர் இரண்டு வகையில் மலைச் சரிவைப் பிடிக்கிறது. ஒன்று, கயிறு கட்டுவது போல மண்ணைக் கட்டுகிறது. இரண்டு, மண்ணின் நீரை உறிஞ்சி அதை இறுகலாக வைக்கிறது. நீர் நிறைந்த மண் கனமானது, வழுக்குவது. நீர் குறைந்த மண் உறுதியானது. நல்ல மரங்கள் நிற்கும் சரிவில், ஒவ்வொரு நாளும் ஓசையின்றி நீர் இறைக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. மரத்தை வெட்டியதும் இறைப்பு நின்றுவிடுகிறது. அடிமரத்து வேர்கள் சில ஆண்டுகளில் மட்கிப் பிடியை விடுகின்றன. எனவேதான் வெட்டிய உடனே சரியாத மலை, ஆண்டுகள் கழித்து ஒரு பெருமழையில் சரிகிறது. தோட்டங்களில் மலைச் சரிவைப் படிபடியாக வெட்டுவதும், இளங்கன்றுகளுக்கு இடையே கொடிப்பயிர் விடுவதும் இந்த அனுபவத்தில் கற்றுக்கொண்டவையே.

2017ஆம் ஆண்டு நவம்பர் 4, 5 ஆகிய நாட்களில் பினாங்கில் பெய்த பெருமழையை நாம் மறக்கவில்லை. நகரம் வெள்ளத்தில் மிதந்தது, மலைப் பகுதிகளில் பல இடங்களில் மண் சரிந்தது, உயிர்கள் போயின. எந்தக் காடும் முழுதாகத் தடுத்துவிட முடியாத அளவு மழை அது என்பது உண்மையே. ஆனால் மழை எவ்வளவு பெய்வது என்பது நம் கையில் இல்லை. அது விழும் சரிவில் வேர் இருக்கிறதா இல்லையா என்பது நம் கையில் இருக்கிறது.

லோகனின் எழுத்துக்குப் பின் என்ன நடந்தது? சாதிக்காய்த் தோட்டங்கள் 1860 வாக்கில் நோயால் அழிந்தன. கைவிடப்பட்ட சரிவுகளில் பல இடங்களில் காடு தானே திரும்பி வளர்ந்தது. 1884ஆம் ஆண்டில் அருவிப் பள்ளத்தாக்கில் சார்ல்ஸ் கர்ட்டிஸ் என்பவரின் பொறுப்பில் தாவரவியல் பூங்கா அமைந்தது. 1962இல் ஆயர் ஈத்தாம் அணையும், 1999இல் தெலுக் பஹாங் அணையும் தீவில் கட்டி முடிந்தன. 2021இல் பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக யுனெஸ்கோ ஏற்றது.

ஆனால் ஒன்றை எண்ணிப் பாருங்கள். இன்று கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு குழாயைத் திறந்தால் வரும் நீர் தண்ணீர்மலை நீர் மட்டுமன்று. பினாங்கு மாநிலத்தின் நீரில் பெரும்பங்கு மூடா ஆற்றிலிருந்து எடுக்கப்படுகிறது. அந்த ஆறு பிறப்பது கெடா மாநிலத்தின் உலு மூடா காட்டில். ஏறத்தாழ 1,60,000 ஹெக்டேர் பரப்புள்ள அந்தக் காட்டின் வேர்களே கெடாவின் நெல்வயலுக்கும், பெர்லிசுக்கும், பினாங்கு நகரத்தின் குழாய்க்கும் சேர்த்துத் தண்ணீரைத் தேக்கித் தருகின்றன. 1801இல் அந்தச் சாலையில் வாழ்ந்தவர், நிமிர்ந்தால் தம் தண்ணீர் பிறக்கும் மலையைப் பார்க்க முடிந்தது. இன்று வாழ்பவர் தம் தண்ணீர் பிறக்கும் காட்டை ஒருமுறைகூடப் பார்த்திருக்க மாட்டார். கண்ணுக்கு மறைந்தது கருத்துக்கும் மறைந்துவிடுகிறது. ஒரு மாநிலத்துக் காட்டில் மரம் விழும்போது, மற்றொரு மாநிலத்து வீட்டில் குழாய் இளைக்கிறது என்பதை யார் எடுத்துச் சொல்வது?

மாணவர்களுக்கு ஒரு சிறு வேலை சொல்லி முடிக்கிறோம். வெயில் நாளில், காலை எட்டு மணிக்கு, வீட்டு முற்றத்தில் நிற்கும் ஒரு செடியின் இலை நிறைந்த கிளையைத் தெளிவான பிளாஸ்டிக் பையால் மூடி, வாயை நூலால் இறுகக் கட்டுங்கள். பகல் இரண்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். பைக்குள் துளித்துளியாக நீர் நிற்கும். அந்த நீர் காலையில் மண்ணில் இருந்தது. அதை ஓர் அளவுக் குவளையில் ஊற்றி அளந்து, ஏட்டில் தேதியோடு குறித்துவையுங்கள். ஹேல்ஸ் பாதிரியார் செய்ததும் அவ்வளவுதான். ஒரு கிளை தந்ததை அறிந்த பின், ஒரு மரத்திற்கு எத்தனை கிளை, ஒரு மலைக்கு எத்தனை மரம் என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் அந்தக் கணக்கைக் காட்டுங்கள்.